'ஃபார்ம்': பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்

இலத்தீன் 'ஃபோர்மா'வை மூலமாகக் கொண்ட 'ஃபார்ம்' என்னும் ஆங்கிலச் சொல் வடிவம், படிவம், பள்ளி வகுப்பு, விளையாட்டு வீரரின் ஆட்டத்திறன், சாய்வற்ற நீள்பலகை, முயல் படுக்கும் குழி எனப் பலபொருள் தரும். சென்னை மாகாணப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு 'முதல் ஃபாரம்' எனப்பட்டது. விண்ணப்பப் படிவத்தைப் பேச்சுவழக்கு இன்றும் 'ஃபாரம்' என்கிறது.

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. 'மா பூத்தது' எனின் மரம். 'மா ஓடிற்று' எனின் விலங்கு. 'மா வீழ்ந்தது' எனின் ஐயம் எஞ்சும். அங்குப் பொருளைக் கிளந்து கூறல் வேண்டும்.

இப்பாகுபாடு 'ஃபார்ம்' என்னும் சொல்லுக்கும் பொருந்தும். 'ஃபாரத்தை நிரப்பினான்', 'முதல் ஃபாரம் தேறினான்' என்பவற்றில் வினையே பொருளை வரையறுக்கிறது. திறனாய்வில் 'கவிதையின் ஃபார்ம் மாறியது' எனின், மாறியது யாப்பா, இலக்கிய வகையா, உறுப்புகளின் அமைப்பா என்பதை வினை காட்டாது. அதனை எவ்விடத்தும் 'வடிவம்' என்றே பெயர்ப்பின், வெண்பா ஆசிரியப்பாவாதலும் மரபுக்கவிதை புதுக்கவிதையாதலும் ஒருதன்மையவாகத் தோன்றும். மூலத்தின் ஐயமும் தமிழில் தொடரும்.

ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல் என்னும் கலைச்சொல்லாக்க நெறியினும், வினை வேறுபடாவிடத்துப் பொருளைக் கிளந்து கூறும் தொல்காப்பிய நெறியே இத்தகைய சொற்களின் மொழிபெயர்ப்புக்கு ஏற்றதாகும்.