கண்மாய்க்குள் ஒரு பள்ளிக்கூடம்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானோபதேச வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளிடம், சர்வேசுரன் சிருஷ்டித்த ஜீவராசிகளில் உங்களுக்குத் தெரிந்த பத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிங்கம், புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி என்று தொடங்கி, கங்காரு, பென்குவின் வரைக்கும் வந்துவிட்டார்கள். சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் காரியாபட்டியைச் சுற்றி நடமாடுகிற ஒரு பிராணியின் பெயர்கூட அந்தப் பட்டியலில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேலிக்கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, "குருவி சாமி" என்றார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? 1991-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, சுற்றுச்சூழலைப் பள்ளியில் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. அதன்படி பாடமும் வந்தது. சூழ்நிலை மண்டலம், உணவுச் சங்கிலி, பல்லுயிர்த்தன்மை என்ற பதங்களை ஆறாம் வகுப்புப் பிள்ளை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறது. புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும் என்று படமும் போடுகிறது. அந்த மானும் புலியும் இருப்பது எங்கேயோ ஒரு காட்டில். நம் ஊர் பொட்டல், இங்கே என்ன இருக்கிறது என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் தங்கிவிடுகிறது. பெரியவர்களான நமக்கும் அந்த எண்ணம்தானே!

அதனால் மறு வாரம் வகுப்பைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினேன். முதல் பாடம் எருக்கஞ்செடி.

எருக்கை ஆடு தொடாது. ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் விஷம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்தால் கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு புழு அதே இலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கின் விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது பூச்சியாகிப் பறக்கும்போது, தெரியாமல் பிடித்துத் தின்ற பறவை கக்கிவிடும். அப்புறம் அந்த நிறத்தைக் கண்டாலே கிட்டப் போகாது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உடம்பில் அந்த விஷமே இல்லாத வேறொரு ஜாதி வண்ணத்துப்பூச்சியின் பெண், இதே ஆரஞ்சு நிற வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பித்துக்கொள்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு கரை முழுவதும் கேட்டது. எருக்கம்பூவுக்கு வருகிற பெரிய கருவண்டையும் பார்த்தோம். பூவின் மகரந்தம் பொட்டலம் கட்டினாற்போல் அதன் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. அந்த வண்டு துளை போட்டுக் குடியிருக்கிறது பட்டுப்போன மரக்கட்டையில். ஆகவே செடி, புழு, பறவை, வண்டு, பட்ட மரம் என்று ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சூழ்நிலை மண்டலம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். வேண்டாத செடி என்று எருக்கையெல்லாம் வெட்டிப் போட்டால், வெந்தய வரியன் முட்டையிட இடம் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

உணவுச் சங்கிலியையும் நம் ஊர்க் கணக்கிலேயே சொன்னேன். காட்டில் சோளம், சோளத்துக்கு எலி, எலிக்குச் சாரைப்பாம்பும் கூகையும். கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிகிற வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. எலி தின்ற சோளத்தின் கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.

அன்றைக்கு நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுத வேண்டும். கண்மாயின் உட்புறம் முழுக்கச் சீமைக் கருவேல் அடைத்துக் கிடப்பதைக் காட்டி, இது நாசகார மரம், தண்ணீரையும் மண்ணையும் கெடுக்க வந்த பேய் என்று பலமாகப் பேசிவிட்டேன். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் கேட்டுக் கேட்டு வாயில் வந்த பேச்சு. பின்னால் நின்ற ஒரு சிறுவன் மெதுவாக, "எங்கப்பா அந்த மரத்தைத்தானே சாமி வெட்டி மூட்டம் போடுறாக?" என்றான். அதற்குப்பின் அன்று முழுவதும் அவன் பேசவே இல்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியாதா? மானாவாரி பொய்த்த வருஷங்களில் அடுப்பெரிந்ததும் பள்ளிச் சம்பளம் கட்டியதும் அந்த மரத்தால்தான். ஒரு பிள்ளையின் சாப்பாட்டைப் பேய் என்று சொல்லிவிட்டு, ஜீவராசிகளைப் பற்றி நான் என்ன பாடம் நடத்துவது?

மறுநாள் அவன் தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு நீங்களே வந்து பிள்ளைகளுக்கு அந்த மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கூச்சத்தோடு வந்தார், வந்தபின் ஒரு மணி நேரம் பேசினார். "மேலே வெட்டுனா அது சாகாது, நாலாத் துளுக்கும், தூரைத் தோண்டி எடுக்கணும்" என்று கடப்பாரையால் செய்தும் காட்டினார். ஆடுமாடு நெற்றைத் தின்று, சாணியோடும் புழுக்கையோடும் விதையைப் புது இடத்தில் போடுகிறது என்பதை, காய்ந்த புழுக்கையை உடைத்துக் காண்பித்தார். நெற்று தீவனம்தான், ஆனால் அதையே வயிறு நிறையத் தின்ற மாட்டுக்குச் சுகக்கேடு வரும் என்றும் சொன்னார்.

பிறகு ஒரு பரீட்சை செய்தோம். ஒரு கஜம் நீள அகலத்துக்குக் கயிற்றால் சதுரம் கட்டி, கருவேல் அடர்ந்த இடத்தில் ஒன்றும், வெட்டவெளியான கரைச்சரிவில் ஒன்றும் போட்டோம். சதுரத்துக்குள் எத்தனை விதச் செடிகள் என்று எண்ண வேண்டும். கருவேலின் அடியில் எண்ண அதிக நேரம் ஆகவில்லை. கரைச்சரிவில் தும்பை, நெருஞ்சி, கொழுஞ்சி, குப்பைமேனி, ஆவாரங்கன்று, பெயர் தெரியாத புல் வகைகள் என்று இரண்டு கைவிரலும் போதவில்லை. பல்லுயிர்த்தன்மை என்ற வார்த்தைக்கு அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரிந்தது. அதே சமயம் அந்தச் சிறுவன் புதருக்குள் குனிந்து எங்களுக்கு ஒரு புறாக் கூட்டைக் காட்டினான். மயில் ஒதுங்குவதும் முயல் பதுங்குவதும் அங்கேதான் என்றான். அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

இந்த மரம் நம் நாட்டுக்கு வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இதன் விதை ஜமைக்கா தீவிலிருந்து வருவிக்கப்பட்டு, 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று பிற்காலத்தில் வறண்ட சீமைகளிலெல்லாம் பரப்பினார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை அகற்றக் கெடு வைத்தது. பின்பு நிபுணர்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று வழக்கு நீண்டது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்காலிலும் கலுங்கிலும் இது இருக்கக் கூடாது. தூரோடு எடுத்துவிட்டு நாட்டுக் கருவேலும் வேம்பும் பனையும் வைக்க வேண்டும். அந்த வேலையின் கூலியும் கரியும் முதலில் மூட்டக்காரர் குடும்பங்களுக்குச் சேர வேண்டும். ஒரே நாளில் பொக்லைனை விட்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, மண்ணை மொட்டையாக விடுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டுக் கருவேல் ஏன் என்றால், ராமநாதபுரம் ஜில்லாவில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு வருகிற நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது அந்த மரத்தில்தான். அவ்விரண்டு கண்மாய்களும் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டன. அவையும் நம்முடையதைப் போலக் கோடையில் வறண்டு கிடக்கும் மானாவாரிச் சீமைக் கண்மாய்கள்தாம். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி பறவைகளுக்காக அந்த ஊர் ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பெயர் தெரிந்து எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்று ஒரு தாயார் கேட்டார். மதுரைக்கு வடக்கே மேலூர்ப் பக்கம் இருக்கிற அரிட்டாபட்டியைச் சொன்னேன். அங்குள்ள குன்றுகளிலும் சுனைகளிலும் சுமார் 250 வகைப் பறவைகளும், தேவாங்கும் அலங்கும் இருப்பதாக ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் வருஷக்கணக்காகப் பார்த்து எழுதிவந்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் சொச்சம் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசிதழில் ஏறியது. சரியாக இரண்டு வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டுவதற்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஜனங்கள் திரண்டெழுந்தார்கள். சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜனங்களின் எதிர்ப்புத்தான் பெரிய காரணம். ஆனாலும் அங்கே இன்ன இன்ன ஜீவன்கள் உண்டு என்று முன்கூட்டியே கையில் ஒரு கணக்கு இருந்தது அவர்களுக்கு எவ்வளவு பலம்! 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் ஊராட்சியிலும் இதற்கென ஒரு குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒரு புத்தகமும் இருக்க வேண்டும். நம் ஊராட்சியில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விட்டுப்போனதை நம் பிள்ளைகளின் நோட்டிலிருந்து சேர்க்கலாம்.

சுவாமியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் 1967-இல் ராப்பினாட் தாவரக் காட்சியகத்தை ஏற்படுத்தியவர் சேசுசபைக் குருவான கே. எம். மத்தேயு சுவாமியார். தமிழகச் சமவெளியிலும் அதையொட்டிய குன்றுகளிலும் நடந்து நடந்து செடிகளைச் சேகரித்து, 1980-களில் பெரிய பெரிய பாகங்களாக நூல் வெளியிட்டவர். ஆதியாகமத்திலும் ஆதாமுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பெயரிடுவதுதானே. செடிகொடிகளின் பெயர் உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குத்தான் அதிகம் தெரியும். அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். சந்தேகமான செடியை நோட்டுக்குள் வைத்து அழுத்திக் கொண்டுவரட்டும்.

பாம்பைப் பற்றிச் சில பெற்றோர்கள் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. இனி எந்தப் பிள்ளையும் செருப்பில்லாமல் வரக் கூடாது. வெயில் ஏறுமுன் போய்த் திரும்புவோம். புதருக்குள்ளும் பொந்துக்குள்ளும் கை விடக் கூடாது. இரண்டு பெரியவர்கள் கூட வருவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் படத்தில் காட்டியிருக்கிறேன். தப்பித் தவறி யாரையாவது கடித்தால் மந்திரமும் வேண்டாம், கத்தியால் கீறுவதும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த பாடம் மழைக்கு முன்னே நடக்க வேண்டியது. கண்மாய் இப்போது வறண்டு வெடித்துக் கிடக்கிறது. உயிரே இல்லை என்று தோன்றும். தவளைகள் மண்ணுக்குள் இருக்கின்றன. நத்தை தன் வாசலை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றோடு சேறாகக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீர்த்தெள்ளுகளின் முட்டைகள் தூசியோடு தூசியாகக் காத்திருக்கின்றன. 1880-களில் நார்வே தேசத்து சார்ஸ் என்ற பண்டிதர், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த காய்ந்த குளத்து மண்ணைத் தன் வீட்டில் தண்ணீரில் கரைத்து வைத்து, அத்தேசத்து நீர்த்தெள்ளுகளை அங்கேயே பொரிக்க வைத்தார். அதையே நாமும் செய்யப் போகிறோம்.

ஆகையால் வருகிற ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையும் தங்கள் ஊர்க் கண்மாயின் மேல்மண்ணை இரண்டு கை அளவு காகிதத்தில் மடித்துக் கொண்டுவர வேண்டும். எந்தக் கண்மாய், எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதி வைக்கவும். மழைத்தண்ணீர் கிடைக்காவிட்டால், இரண்டு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர் போதும். கோயில் திண்ணை நிழலில் தொட்டிகள் வைத்து, கொசு முட்டையிடாதபடி மேலே துணி கட்டிவிடுவோம். அகலமான பழைய மண்சட்டிகள் உபரியாக இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் உபதேசியாரிடம் கொடுத்துவிடவும். ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளைகள் முறைவைத்துத் தினம் காலையில் வந்து பார்த்து, கண்டதை எழுதுவார்கள். முதல் நாள் முறை கரிமூட்டக்காரர் மகனுடையது.