மரத்தை அளந்து மருந்து தெளிக்கும் லேசர்

பழத்தோட்டத்தில் டிராக்டர் தெளிப்பான் ஓடும்போது, இரு மரங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் மருந்து பாய்ந்து வீணாகிறது. இதைத் தடுக்க, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஊஸ்டர் நகரிலுள்ள அரசு வேளாண் விஞ்ஞானிகள் லேசர் கருவி பொருத்திய தெளிப்பானை உருவாக்கினர்.

லேசர் ஒளி இலையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால், ஒரு பங்கு நேரத்தில் ஒளி 30 செ.மீ. செல்லும். 3 மீட்டரில் நிற்கும் மரத்துக்குப் போய்வர 20 பங்கு போதும். மரத்தின் உயரமும் இலையடர்த்தியும் தெரிந்ததும் ஒவ்வொரு நாசிலும் தேவைக்கேற்பத் திறந்து மூடுகிறது. அங்கு நடந்த சோதனைகளில் ஏறத்தாழப் பாதி மருந்து மிச்சமாயிற்று.

அக்கருவியில் ஒளிக்கதிரைத் திருப்புவது, மோட்டாரால் சுழலும் கண்ணாடி. தற்போது, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிலிக்கன் கண்ணாடியை மின்விசையால் ஆட்டும் வகையும் வந்துள்ளது. கம்ப்யூட்டர் சில்லுகளைப் போலவே இதையும் செய்வதால் கருவி சிறுக்கிறது. பேரிங் தேயும் தொல்லையில்லை. பெருவாரியாகச் செய்தால் விலையும் இறங்கும். சிறு விவசாயிக்கு வாடகைக்கேனும் எட்ட வேண்டுமானால் இந்த வகையே வழி.

கண்ணாடி சிறுத்தால் எட்டும் தூரம் குறையும் என்பது உண்மையே. சில மீட்டரில் மரம் நிற்கும் தோட்டத்துக்கு அது பெரிய குறையன்று. புழுதியும் மருந்துச் சாரலுமே இதற்குப் பகை. ஆகவே கருவியை நாசில்களுக்கு முன்புறம், சாரல் படாத இடத்தில் பொருத்த வேண்டும். தெளிப்பைத் தொடங்குமுன் அதன் முகப்பை மெல்லிய ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.