பாட்டுக்கு ஏற்ற தவணை கேளுங்கள்

பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்று குழுக் கடன் வாங்குவது கடினமில்லை. ஆதார் அட்டையும் கூடச் சேர நாலைந்து பெண்களும் இருந்தால் போதும், நிதி நிறுவனத்தின் ஆள் வாசலுக்கே வந்துவிடுகிறார். சிரமம் அடுத்த வாரம் தொடங்குகிறது. ஏரியில் இருப்பது பாடு முறை. இறால் கிடைக்கும் இடத்தில் வலை கட்டும் உரிமை முறை வைத்துத்தான் வரும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் முறை வந்தும் வலை வெறுமையாகக் கிடக்கும். வார டியூவோ எதற்கும் காத்திருப்பதில்லை. ஒரு டியூவைக் கட்ட இன்னொரு கடன் வாங்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

அதனால் கையெழுத்துப் போடுமுன் தவணையைப் பற்றிப் பேசுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, கடன் வாங்குபவரின் தேவையை ஒட்டித் தவணைக் காலத்தை அமைக்க நுண்கடன் நிறுவனம் வழி வைத்திருக்க வேண்டும். வாரத் தவணை ஒத்துவராது, மாதத் தவணை வேண்டும் என்று துணிந்து கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பிணை கேட்கக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வரக் கூடாது. வட்டியும் கட்டணமும் எழுதிய தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழு ஆறு மாதம் ஒழுங்காகக் கூடி, சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கி, கணக்கு நோட்டையும் தீர்மான நோட்டையும் சரியாக வைத்திருந்தால் வங்கிக் கடன் கேட்கலாம். விவசாயிகளுக்கு மட்டும் என்றிருந்த கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. மீனவப் பெண்கள் குழுவாகவும் கேட்கலாம். குறிப்பிட்ட வரம்பு வரை வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம். வருமானம் வரும் காலத்தைப் பார்த்தே திருப்பிக் கட்டும் கெடுவை வைப்பதால் ஏரித் தொழிலுக்கு இதுதான் பொருந்தும் என்பேன்.

கடனுக்கு முன் கைத்தொழில். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது நண்டு கொழுக்க வைத்தல். ஓடு கழற்றிய கல் நண்டை அழுத்திப் பாருங்கள். ஓடு அமுங்கும், உள்ளே சதையைவிட நீர்தான் அதிகம். இந்தத் தண்ணி நண்டை வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார். அதையே மூன்று, நான்கு வாரம் கழிவு மீன் போட்டு வளர்த்தால் ஓடு கெட்டிப்பட்டுச் சதை நிறையும், விலையும் ஏறும். ஆபத்து ஒன்று உண்டு. ஓடு மென்மையாக இருக்கும் நண்டை மற்ற நண்டுகள் தின்றுவிடும். ஒரே அளவு நண்டுகளாகப் பிரித்துவிடுங்கள், முடிந்தால் பெட்டிக்கு ஒன்றாக வையுங்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு வழி கேட்கலாம். முதலில் ஒரு சிறு தொகுதியை வளர்த்து விற்று, தீனிச் செலவையும் செத்த நண்டையும் கழித்துக் கையில் என்ன நின்றது என்று எழுதுங்கள். வங்கிக்குப் போகும்போது அந்தக் கணக்கையும் கொண்டு போங்கள்.

இடுப்பளவு நீரில் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, பாடு முறையில் பங்கும் இல்லை. அவர்கள் முதலில் கேட்க வேண்டியவை பழங்குடிச் சான்றிதழும் மீனவர் நலவாரிய அட்டையும்தான். பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்களுக்குக் கைத்திறன் ஏற்கனவே இருக்கிறது. விற்பனைக்கு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ அங்காடிகளைக் கேட்டுப் பாருங்கள்.

இளைஞர்களே, சுற்றுலாப் படகு வாங்கக் கடன் எடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. அதற்குப் பதில் படகு எஞ்சின் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஏரியில் மீன் இல்லாத நாளிலும் எஞ்சின் கோளாறாகும், அதுவும் கரையிலேயே வேலை. மாவட்ட ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். முடித்த பின்னும் இரண்டு ஆண்டு துணை நிற்பார்கள். பிளஸ் 2 முடித்தவர்களுக்குப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் புதுக் கடனில் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அது தீராதவரை பிடிக்கிற நண்டுக்கு விலை சொல்வது அவர்தான்.