தற்காதல்

சுனைநீரிற் கண்ட தன் நிழலையே காதலித்து வாடி மடிந்தான் நார்சிசஸ் என்பது உரோமப் புலவர் ஓவிட் பாடிய கதை. அவன் பெயர்பெற்ற மனநிலையைப் பிராய்டு 1914-இல் ஆராய்ந்தார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-இல் அதனை ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாக வகுத்தது.

இஃது எங்ஙனம் தோன்றுகின்றது? பெற்றோரது பரிவு குன்றுதலே வேர் என்றார் கோஹுட். மரபும் ஒரு காரணமே. ஆயின் நெதர்லாந்தில் 7 முதல் 11 வயது வரையுள்ள 565 சிறுவரைத் தொடர்ந்து நோக்கி, 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி வேறொன்று காட்டிற்று. பிறரினும் உயர்ந்தவரெனப் பெற்றோர் மிகையாகப் போற்றிய பிள்ளைகளிடம் தற்காதல் வளர்ந்தது. பெற்றோரின் அன்பை உணர்ந்த பிள்ளைகளிடமோ தன்மதிப்பு வளர்ந்தது. புகழ்ச்சியையே அன்பெனக் கொள்வார்க்கு இது வியப்பாகலாம். அச்சிறுவர் நோயாளர் அல்லர். அவரிடம் அளக்கப்பட்டது அக்குணத்தின் சாயலே.