மாமல்லபுரமும் உல்லாசப் பிரயாணிகளும்: பூகோள வகுப்பினரின் ஓர் ஆராய்ச்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பிற சாஸ்திரங்களுக்கு எங்ஙனமாயினும், பூகோள சாஸ்திரத்திற்கு இது முற்றும் பொருந்தும். கடலின் அரிப்பையும் ஊர்களின் வளர்ச்சியையும் வகுப்பறையிற் கேட்ட மாணாக்கர், அவற்றைக் கண்ணாற் கண்டு, காலால் நடந்து அளந்து, அவ்விடத்து வாழ்வோர் வாயிலாகக் கேட்டறிந்தாலன்றி அவ்வறிவு அவர்க்குச் சொந்தமாகாது. இக்கருத்துப் பற்றியே, எம் கலாசாலைப் பூகோள வகுப்பினராகிய யாம், சென்ற தை மாதத்தில் மூன்று நாள் மாமல்லபுரத்திற் றங்கி, உல்லாசப் பிரயாணிகளின் வருகையால் ஒரு சிறு கடற்கரைப் பட்டினத்திற்கு நேரும் நன்மை தீமைகள் யாவை என ஆராய்ந்தோம். அங்கு யாம் கற்ற பாடத்தையும், இழைத்த பிழையையும், பின்வரும் வகுப்பினர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

1. ஊரின் அமைப்பு

மாமல்லபுரம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரத்திலுள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதனை அடுத்த உவர்நிலமும். இவ்விரண்டிற்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய மணற்பகுதியின்மீதே ஊர் அமைந்துள்ளது. இந்த அமைப்பை மாணாக்கர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், இடம் குறுகிய ஊரில் புதிதாய் வருவதொன்று பழையதொன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டே வரும்.

பல்லவ மன்னர் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் அமைத்த ஐந்து ரதங்களும், குகைக் கோயில்களும், தவக்கோலச் சிற்பப் பாறையும், கடற்கரைக் கோயிலும் இவ்வூரின் புகழுக்குக் காரணம். 1984இல் யுனெஸ்கோ நிறுவனத்தார் இவற்றை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். ஆயின், 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஊரின் ஜனத்தொகை சுமார் 15,000 மாத்திரமே.

முற்காலத்தில் சென்னையிலிருந்து இவ்வூரைக் காண விரும்பியோர் பக்கிங்காம் கால்வாயிற் படகேறி, இராமுழுதும் பிரயாணஞ் செய்து வருவர். பின்னர்ச் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வருவாராயினர். இன்றோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வழி எளிதானமையால் வருவோர் தொகை பெருகிற்று. அதே காரணத்தால், வருவோருட் பலர் பொழுது சாய்வதற்குள் திரும்பியும் விடுகின்றனர். தங்குபவன் உணவிற்கும் உறையுளிற்கும் ஊராரிடம் பணங்கொடுக்கின்றான். அரைநாள் வந்து போகிறவனோ பெரும்பாலும் வண்டி நிறுத்த இடமும், குடிக்க நீரும், குப்பை போட இடமுமே வேண்டுகின்றான். ஆகவே, நல்ல சாலை ஓர் ஊருக்கு விருந்தினரையும் தரும். விருந்தினர் தங்கும் நேரத்தையும் குறைக்கும். இஃது யாம் கற்ற முதற் பாடம்.

2. எண்ணிக்கையின் மயக்கம்

முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. ரதங்களின் வாயிலிலும், தவக்கோலப் பாறையின் முன்பும், கடற்கரைக் கோயிற் சாலையிலும் மும்மூன்று மாணாக்கராய் நின்று, மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் செல்வோரை எண்ணினோம். ஜனத்திரளைக் கண்டு, "இவ்வூர் தாங்கவொண்ணாத கூட்டம்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினோம். செவ்வாய்க்கிழமை அதே இடங்களில் அதே நேரத்தில் நின்றபொழுது, சிற்பங்களைக் காண்போரினும் சிற்பம் விற்போரே மிகுதியெனத் தோன்றிற்று. முன்பு எழுதியதை அடித்துவிட்டோம். எம் எண்ணிக்கையை இங்கு வெளியிடாமைக்குக் காரணமும் இதுவே. இரண்டு நாட்கணக்கு ஓராண்டிற்குச் சாட்சியாகாது.

அரசாங்கக் கணக்கையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். 2021-22ஆம் ஆண்டில் கட்டணச் சீட்டுப் பெற்று மாமல்லபுரத்துச் சின்னங்களைக் கண்ட அந்நிய நாட்டார் 1,44,984 பேர் என்றும், தாஜ்மகாலைக் கண்ட அந்நிய நாட்டார் 38,922 பேர் என்றும் மத்திய சுற்றுலாத் துறையினர் வெளியிட்டனர். இதைக் கண்டு நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அது கொள்ளைநோய்க் காலத்தின் கணக்கு என்பதையும், சீட்டுப் பெற்றோரை மாத்திரமே அது காட்டும் என்பதையும் மறத்தலாகாது.

சீட்டுப் பெறாது வருவோர் யார்? ஸ்தலசயனப் பெருமாளைச் சேவிக்க வரும் பக்தர்கள் உளர். காணும் பொங்கலன்று குடும்பத்தோடு மணலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு செல்வோர் உளர். இவரினும் கருதத்தக்கவர் இருளர். ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிப் பல ஊர்களிலிருந்தும் இருளர் குலத்தார் இக்கரையில் ஒன்றுகூடி, சேலைகளால் மறைப்புக் கட்டித் தங்கி, தங்கள் கன்னியம்மனை மணலில் அமைத்து வழிபட்டு, விவாகங்களையும் நிச்சயித்து நடத்திச் செல்கின்றனர். யாம் சென்றது தை மாதமாதலின் இதனைக் காணவில்லை. ஊரார் சொல்லக் கேட்டோம். இவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். எனினும் இக்கடற்கரை இவர்களுக்கும் உரியது. "பிரயாணிகளின் பொருட்டுக் கரையைச் சீர்திருத்துவோம்" என்று திட்டமிடுவோர் எந்தக் கணக்கை முன்வைத்துத் திட்டமிடுகின்றனர் என்பதை மாணாக்கர் வினவல் வேண்டும்.

3. ஒற்றைவாடைத் தெரு

ஒரு பக்கம் மாத்திரம் வீடுகளின் வரிசையுடைய தெருவை ஒற்றைவாடை என்பது வழக்கு. மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் இன்று இருபக்கமும் விடுதிகளும் சிற்றுண்டிச் சாலைகளும் உள்ளன. பெயர் பழமையைக் காட்ட, தெரு புதுமையைக் காட்டுகின்றது.

பட்லர் என்னும் பூகோள ஆசிரியர் 1980இல் பிரயாணிகள் நாடும் ஊர்களின் வாழ்நாளைப் பல பருவங்களாகப் பகுத்தார். முதலிற் சிலர் தற்செயலாய் வருவர். பின்னர் ஊரார் தம் வீட்டில் ஓர் அறையை விட்டுக் கொடுப்பர். அதன்பின் வெளியூர் மூலதனம் புகுந்து பெரிய விடுதிகள் எழும். இறுதியில் வளர்ச்சி நிலைத்து நிற்கும். அப்பால் தளர்ச்சியோ மறுமலர்ச்சியோ நேரும். இவை ஒன்றன்பின் ஒன்றாய் வருமென்று புத்தகத்திற் படித்தோம். மாமல்லபுரத்திலோ ஒரே காலத்தில் இவை அருகருகே நிற்கக் கண்டோம். மீனவர் வீட்டு மாடியறையும், மதில் சூழ்ந்த பெரிய விடுதியும் ஒரே மணற்கரையைப் பார்த்து நிற்கின்றன. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்ததும், 2022இல் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட் இங்கே நடந்ததும் ஊரின் பெயரை உலகெங்கும் பரப்பின. மாறாக, 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் சின்னங்களின் வாயில்கள் அடைக்கப்பட்டபொழுது, ஒரே தொழிலை நம்பிய ஊரின் நிலை எத்தகையது என்பதும் வெளிப்பட்டது.

4. கல்லும் உளியும்

சாலையோரங்களில் இன்றும் உளியோசை கேட்கின்றது. 1957இல் அரசாங்கத்தார் இங்குச் சிற்பப் பயிற்சிக்கு ஒரு பள்ளி தொடங்கினர். அதுவே பின்னர்க் கல்லூரியாயிற்று. 2017இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில்களுக்கெனக் கருங்கல்லில் மூர்த்தங்கள் அமைப்போர்க்கு வேலை தருவோர் பெரும்பாலும் கோயிற் றிருப்பணி செய்வோரே. மாக்கல்லிற் சிறு பொம்மை செய்வோர்க்கோ பிரயாணிகளின் கைப்பணமே ஜீவனம். ஆகவே, "சிற்பிகள்" என்று ஒரே தலைப்பில் எழுதுவது போதாது. மின்சார இயந்திரத்தால் கல்லை அறுக்கும்பொழுது எழும் நுண்தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும் என்பது வைத்திய நூலார் கண்ட உண்மை. விரைவில் விற்கவேண்டுமென்னும் அவசரம் அத்தூசியை மிகுவிக்கின்றது. வாங்குவோன் பொம்மையைக் காண்கின்றான், தூசியைக் காண்பதில்லை.

5. மணலும் நன்னீரும்

சோழமண்டலக் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கேயும், வாடைக் காலத்தில் தெற்கேயும் கொண்டு செல்கின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. இவ்வோட்டத்தைக் குறுக்கே தடுக்குமாறு கடலிற் கல்லைக் கொட்டினால், தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை தேயும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின்னர் அதன் தெற்கே மெரீனா மணல்வெளி விரிந்ததும், வடக்கே இராயபுரக் கரை அரிப்புண்டதும் இதற்குக் கண்கூடான சான்று.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காக்கக் கடல்முகத்திற் கற்கள் குவிக்கப்பட்டுள்ளன. அக்காவல் இன்றியமையாதது. ஆயினும் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம் இருக்கின்றது. தங்கள் கரை குறுகி வருகின்றதென்று அவர்கள் கூறினர். தூண்டில் வளைவு என்று அவர்கள் வழங்கும் கல்லணைகளைக் குறித்தும் பேசினர். யாம் கம்புகள் நட்டுக் கரையின் சரிவை அளந்தோம். ஆயினும் வாடைக் காலத்தில் தேய்ந்து கோடையில் வளர்வது கரையின் இயல்பாதலின், ஒரு முறை அளந்து தீர்ப்புக் கூறலாகாது. அடுத்த வகுப்பினர் அதே இடத்தில் அதே மாதத்தில் மீண்டும் அளத்தற்கென இடங்களைப் படத்திற் குறித்து வைத்துள்ளோம்.

நிலத்தடி நீரின் நிலையும் இத்தகையதே. கடலோர மணலில் மழையாற் சேரும் நன்னீர், உவர்நீரின்மீது மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்குமென்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் கண்ட விதி. அங்ஙனமாயின், மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பதடி உவர்நீர் ஏற இடமாகும். ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்க்கால்வாயும் உள்ள இவ்வூரில், விடுதிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளும் குடிகளின் கிணறுகளும் ஒரே நீரையே பங்கிட்டுக்கொள்கின்றன.

6. எம் பிழை

இரண்டாம் நாள் மாலை. வினாத்தாள்களை மணலிற் பரப்பித் தொகுத்துக்கொண்டிருந்தோம். பிரயாணிகட்கு ஒரு தாள். கடைக்காரர்க்கும் விடுதிக்காரர்க்கும் ஒரு தாள். "ஊருக்கு வேண்டிய வசதிகள் யாவை?" என்பது வினாக்களுள் ஒன்று. அருகே கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த முதிய மீனவப் பெண்மணி ஒருவர் எம்மை நெடுநேரம் பார்த்திருந்து, "வர்றவங்களை எல்லாம் என்ன வேணும், என்ன வேணும்னு கேக்குறீங்க, தம்பி. இருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேக்கலியே?" என்றார்.

எம்முள் ஒருவரும் விடை கூறவில்லை. எம் வினாத்தாளில் மீனவர்க்கென ஒரு வினாவும் இல்லை. அவர்களைக் கடற்கரைக் காட்சியின் ஒரு பகுதியாக எண்ணியிருந்தோமேயன்றி, ஊரின் குடிகளாக எண்ணினோமில்லை. மூன்றாம் நாள் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டுக் குப்பத்திற்குச் சென்று, கேட்பதற்காகவே அமர்ந்தோம்.

அவர்கள் பிரயாணிகளைப் பழிக்கவில்லை. ஒரு வீட்டில் மூத்த மகன் கடலுக்குச் செல்கின்றான். இளைய மகன் அயலூரார்க்கு அலைச்சறுக்கு கற்பிக்கின்றான். நல்ல மீனைச் சிற்றுண்டிச் சாலையார் நல்ல விலைக்கு வாங்குகின்றனர். அதே வீட்டார், படகு இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் மணல் போதவில்லை என்கின்றனர். கிணற்று நீர் உவர்க்கின்றது என்கின்றனர். 2010இல் திருத்தப்பட்ட புராதனச் சின்னச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டிடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெறவேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். சிற்பங்களைக் காக்க இத்தகைய சட்டம் வேண்டுவதே. ஆயினும் அதன் சுமையைத் தாங்குவோர், கல்வெட்டிலும் வழிகாட்டி நூலிலும் பெயர் காணாத அச்சிறு வீட்டாரே. பிரயாணிகளால் வரும் நன்மையும் தீமையும் இரு வேறு தெருக்களில் வாழ்வன அல்ல; ஒரே வீட்டுத் திண்ணையில் அவை அருகருகே அமர்ந்திருக்கக் கண்டோம்.

7. முடிவுரை

"பிரயாணிகளின் வருகை இவ்வூருக்கு நல்லதா, தீயதா?" என்ற வினாவோடு சென்றோம். அவ்வினாவே தவறென்று அறிந்து திரும்பினோம். யாருக்கு நன்மை, எந்த மாதத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு என்று வினவுதலே பூகோள மாணாக்கன் கடமை. அயலூரிலிருந்து வந்து, மூன்று நாள் நீர் இறைத்துக் குளித்து, குறிப்பெடுத்துச் சென்ற யாமும் பிரயாணிகளே என்பதையும் மறந்தோமில்லை.

ரதங்கள் முதல் குப்பம்வரை யாம் வரைந்த நிலப்பயன் படத்தின் பிரதியொன்றைத் தமிழிற் குறிப்பெழுதிக் குப்பத்துப் பெரியோரிடம் சேர்ப்பித்தோம். படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், மாசி மகத்தில் இருளர் தங்கும் இடம் ஆகியவை அப்படத்திற் குறிக்கப்பட்டுள்ளன. கடைகளும் விடுதிகளும் காட்டும் படங்கள் பல உண்டு. இவற்றைக் காட்டும் படத்தை யாம் முன்பு கண்டதில்லை. வரும் ஆண்டில் இவ்வூருக்குச் செல்லும் நண்பர்கள் கம்பும் நாடாவும் கொண்டு செல்வார்களாக. எமது அளவை எடுத்துச் சென்று ஒத்துப்பார்ப்பார்களாக. வருவோரைக் கேட்கு முன்னர் இருப்போரைக் கேட்பார்களாக.