திருநாள் தீபமும் பலகாரமும் – இல்லத்திலேயே செய்வோம்

ஐப்பசித் திங்கள் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை புலரும் வைகறையில், பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தினார். மரபுக் கணக்கின்படி அது கி.மு. 527. அன்று மாலையே கௌதம கணதரர் கேவல ஞானம் பெற்றார். பாவா நகரம் தீபங்களால் ஒளிர்ந்ததையும், அது தொட்டு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளைத் தீப விழாவாகக் கொண்டாடி வருவதையும், ஜினசேனாசாரியர் சக ஆண்டு 705-இல், அதாவது கி.பி. 783-இல், இயற்றி முடித்த ஹரிவம்ச புராணம் எடுத்துரைக்கிறது. தீபாவளி என்றால் நமக்கு இதுவே. ஆயினும் நம் பிள்ளைகள் அண்டை வீட்டாரின் பட்டாசையும் கடைவீதியின் இனிப்புப் பெட்டியையும் கண்டே அந்நாளை அறிகின்றனர். வீட்டில் அவர்கள் கையால் ஏதேனும் செய்யும்போதுதான் திருநாளின் பொருள் மனத்தில் தங்கும் என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் ஒரு பிழையிலிருந்தே தொடங்கிற்று.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து காட்டாங்குளத்தூருக்குக் குடிவந்த பின் நாங்கள் கொண்டாடிய முதல் தீபாவளி அது. ஏரிகள் சூழ்ந்த ஊர். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருந்தது. மாடிப்படி முழுவதும் அகல் விளக்கு வரிசையாக ஏற்றி வைத்து, காண்பார் எல்லாம் வியக்க மகிழ்ந்திருந்தோம். மறுநாள் காலை விளக்குகளை எடுக்கச் சென்ற என் பேத்தி ஓர் அகலைக் கையில் ஏந்தியபடியே வந்து நின்றாள். எண்ணெய் முழுவதும் ஈசல்கள் மிதந்தன. “பாட்டி, பகவானுக்காகத்தானே விளக்கு ஏத்தினோம்? இதெல்லாம் ஏன் செத்துப் போச்சு?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. கொல்லாமையை அறத்தின் தலையாக வைத்த பெருமானின் நாளில், என் கையால் ஏற்றிய சுடரில் எத்தனை உயிர்கள்! பட்டாசு வேண்டா என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறிய வாய் அன்று அடைத்துப்போயிற்று.

விளக்கே ஏற்றாது விடுவதா? அதுவும் தகாது. ஆகவே இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, வேளையை மாற்றினோம். ஈசலும் விட்டிலும் மழைவிட்ட மாலையிலும் முன்னிரவிலும் மிகுதியாக வரும். பகவான் முக்தியடைந்ததோ வைகறை. ஆதலின் கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் தீபமேற்றி, துதி பாடி, கதிரவன் எழுந்ததும் அமர்த்திவிடுகிறோம். வானம் வெளுத்துவிட்டால் சிறு சுடரை நாடிவரும் பூச்சிகள் குறைந்துவிடுகின்றன. கௌதமரை எண்ணி மாலையில் ஏற்றும் விளக்கு ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இரண்டாவது மாற்றமாகிய வலைக்கூடு.

வலைக்கூடு செய்வது எளிது. சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் எஃகுக் கம்பியால் ஆனது இரும்புக்கடையில் கிடைக்கும். நைலான் வலை ஆகாது; தீப்பற்றும். 60 செ.மீ. நீளமும் 25 செ.மீ. உயரமும் உள்ள துண்டொன்றை வெட்டி, உருளையாக வளைத்து, ஓரங்கள் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மெல்லிய கம்பியால் தைத்துவிட வேண்டும். ஏறத்தாழ 18 செ.மீ. குறுக்களவுள்ள கூடு கிடைக்கும். அதே வலையில் 22 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி, விளிம்பை மடித்து மேலே மூடியாகப் பொருத்துக. வெட்டிய கம்பி நுனிகள் விரலைக் குத்தும். வெட்டுவதும் மடிப்பதும் பெரியவர்களின் வேலை, தைப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம். எவர்சில்வர் தட்டில் அகலை வைத்து, ஒற்றைத் திரியிட்டு, கூட்டைக் கவிழ்த்துவிட்டால் காற்று உள்ளே செல்லும், ஒளி வெளியே வரும், ஈசல் மட்டும் சுடரை எட்டாது. உயரத்தைக் குறைக்கலாகாது. மூடி சுடருக்கு அருகில் இருந்தால் சூடேறி, அதன்மேல் அமரும் பூச்சி கருகும். சுடரை வலைக்குள் அடைப்பது புதிய சூழ்ச்சியன்று. 1815-இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்ற அறிவியலார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்காக இத்தகைய கம்பிவலை விளக்கையே அமைத்தார். வலைக்கம்பி வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளிருக்கும் சுடர் வெளியிலுள்ள எரிவாயுவைப் பற்றவில்லை. அங்கு மனித உயிர் காத்த வலை இங்கு ஈசலின் உயிர் காக்கிறது.

மின்விளக்குச் சரம் தொங்கவிடும் இல்லத்தார்க்கும் ஒரு சொல். நீலம் கலந்த வெண்ணிற ஒளி பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும். மஞ்சள் ஒளி குறைவாக ஈர்க்கும். விலையில் பெரிய வேறுபாடில்லை.

வைகறை வழிபாட்டிற்கு முன் பிள்ளைகளை அமர்த்தி ஒரு பலகையில் அரிசியால் சுவஸ்திகம் இடச் சொல்லுங்கள். நான்கு கரங்கள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நாற்கதி. மேலே மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். அதற்கும் மேலே பிறையும் ஒரு புள்ளியும்: சித்தர் உறையும் உலகமும் அங்குற்ற உயிரும். கீழிருந்து மேலாக விரல் வைத்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வண்ணம் வேண்டுமாயின் சிறிது அரிசியில் உலர்மஞ்சள் தூள் பிசறிக்கொள்ளலாம். பாடத்திற்காக இட்ட அரிசியைப் பறவைகளுக்கு இடலாம். பூசையில் அர்ப்பணித்ததை மீண்டும் உலையில் இடுவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நன்று.

இனி பலகாரம். பாவாபுரி ஜல மந்திரில் அந்நாளில் லட்டு ஏற்றி வழிபடுவர். பூந்தி லட்டு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத வேலை. கொதிக்கும் எண்ணெயருகே அவர்களை விட இயலாது. மாலாடு அவர்களே பிடிக்கலாம். பொட்டுக்கடலை 200 கிராம், சர்க்கரை 150 கிராம், ஏலக்காய் நான்கு, நெய் 100 மில்லி. பொட்டுக்கடலையைப் பகல் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி, வண்டு இருக்கிறதா என்று பார்த்துப் புடைத்த பின்னரே அரைக்க வேண்டும். இந்தப் பார்வையிடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. மாவைச் சலித்து, பொடித்த சர்க்கரையும் ஏலமும் கலந்து, காய்ச்சிய நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்க வேண்டும். பதினைந்து உருண்டைக்குக் குறையாது. உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய். நெய்யைக் காய்ச்சும் நேரம் தவிர அடுப்பே தேவையில்லை.

எப்போது செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறோம். திகம்பர மரபில் அரைத்த மாவுக்குக் கால வரம்பு உண்டு: குளிர்காலத்தில் ஏழு நாள், கோடையில் ஐந்து, மழைக்காலத்தில் மூன்று. ஈரக்காற்றில் மாவில் நுண்ணுயிர் விரைவில் தோன்றும் என்பதே காரணம். மழைநாளில் மாவு சிக்குவாடை வீசுவதை எந்தத் தாயும் அறிவாள். கார்த்திகைப் பௌர்ணமிக்கு முன் வரும் தீபாவளி மழைக்காலக் கணக்கிலேயே அடங்கும். மாலாட்டில் நீர் சேராமையால் மாவின் வரம்பே அதற்கும் வரம்பு. எனவே பத்து நாள் முன்னதாகப் பலகாரம் சுட்டு டப்பாக்களில் அடைக்கும் நகர வழக்கம் நமக்குப் பொருந்தாது. முன்நாள் அரைத்து, முன்நாளே பிடித்து, திருநாளோடு தீர்த்துவிட வேண்டும். குறைவாகச் செய்தால் தீரும்.

தீபாவளி இலேகியத்தைப் பற்றி ஆண்டுதோறும் யாரேனும் கேட்கிறார்கள். ஊரார் வழக்கில் அதில் பச்சை இஞ்சியும் தேனும் சேரும். இஞ்சி மண்ணுக்கடியில் வளரும் கிழங்கு. எண்ணற்ற உயிர்கள் ஓருடலில் உறையும் வகை. தேனோ மூல குணத்திலேயே விலக்கப்பட்டது. சுக்கு மட்டும் எவ்வாறு ஆகும் என்று கேட்பர். உலர்ந்த பின் அதில் முளைவிடும் உயிர்த்தன்மை இல்லை. காய்கறியாக நிறைய உண்ணாமல் மருந்தாகச் சிறிதே கொள்கிறோம். ஆகவே சுக்கு 20 கிராம், கொத்தமல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, ஓமமும் சீரகமும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி – இவற்றை வறுத்துப் பொடித்துச் சலித்துக்கொள்க. 150 கிராம் வெல்லத்தை வடிகட்டிய நீரில் கரைத்து, மீண்டும் வடித்து, கொதி வந்ததும் பொடியைத் தூவிக் கிளறி, நெய்யைப் பகுதி பகுதியாக விட்டுச் சுருண்டு வரும்போது இறக்குக. தேன் இல்லையே என்று நாக்கு தேடாது. வெல்லமும் நெய்யும் அந்தக் குறையை நிறைக்கும். நீர் சேர்ந்த பண்டமாதலால் அன்றைக்கு வேண்டிய அளவே செய்க.

“இவ்வளவு பாடு எதற்கு? பச்சைப் புள்ளி பார்த்துக் கடையில் வாங்கினால் போதாதா?” என்று இளையோர் வினவுவதுண்டு. பச்சைப் புள்ளி நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது, நல்ல ஏற்பாடு. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்த மிட்டாயை அது நமக்குக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த விதி பாலைப் போலவே தேனையும் விலங்குப்பொருள் கணக்கில் சேர்ப்பதில்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் பச்சைப் புள்ளிக்குள் அடங்குபவையே. ரிப்பன் பக்கோடாவில் பூண்டு அரைத்து விட்டிருக்கிறார்களா என்பதைப் புள்ளி சொல்லாது.

இன்னொரு சிக்கல், அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் நன்கறிந்தது. அண்டை வீட்டார் அன்போடு இரவு ஏழு மணிக்குத்தான் தட்டேந்தி வருவார்கள். ஐப்பசியில் இங்குச் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 5.45 மணிக்கு, அதற்கு இரண்டு நாழிகை முன்னரே நம் உணவு முடிந்திருக்க வேண்டும். தட்டை மறுப்பது முறையன்று. புன்முறுவலோடு பெற்றுக்கொண்டு, “நாங்கள் இருட்டிய பின் உண்பதில்லை” என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறேன். முதலாண்டில் அவர்கள் கூசினார்கள். இப்போது என் பேத்தி பிற்பகல் மூன்று மணிக்கே மாலாட்டுத் தட்டுகளோடு மாடி மாடியாக ஏறிவிடுகிறாள். சென்ற ஆண்டு எதிர்வீட்டு அம்மாள், “உங்கள் தட்டை இருட்டுமுன் திருப்பித் தர வேண்டுமாமே” என்று நான்கு மணிக்கே முறுக்குடன் வந்து நின்றார். வாயிலில் வலைக்கூட்டைக் கண்டு, தம் வீட்டிற்கும் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். மிகுந்திருந்த வலைத்துண்டை என் பேத்தி அன்றே அளந்து வைத்தாள்.