டிஃபெண்டராக வேண்டுமா? வான் டைக் வந்த வழியைப் பாருங்கள்

கால்பந்தில் கோல் அடிப்பவர் பதினெட்டு வயதிலேயே பேர் வாங்கிவிடலாம். பின்னால் ஸ்டாப்பராக நிற்பவர் தேற நாளாகும். இது புரியாமல், நல்ல உயரமும் பொறுமையும் உள்ள எத்தனையோ பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம். நெதர்லாந்தின் பிரெடா நகரில் 1991இல் பிறந்த டிஃபெண்டர் விர்ஜில் வான் டைக்கின் வாழ்க்கையை வைத்தே சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• காத்திருங்கள். வில்லெம் 2 கிளப்பின் இளைஞர் அணியில் ஆடிய காலத்தில் வான் டைக் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அந்த கிளப் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. 2010இல் பைசா வாங்காமல் குரோனிங்கனுக்கு விட்டுவிட்டது. 2014 உலகக் கோப்பை அணியிலும் அவர் பெயர் இல்லை. நாட்டுக்காக முதன்முதலில் ஆடியபோது வயது 24. முதல் உலகக் கோப்பை 2022இல், 31 வயதில். இடைப்பட்ட காலத்தில் அவர் ஆடிக்கொண்டே இருந்தார்.

• தொடர்ந்து ஆட இடம் தரும் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். குரோனிங்கன், 2013இல் ஸ்காட்லாந்தின் செல்டிக், 2015இல் சவுத்தாம்ப்டன், 2018 ஜனவரியில் லிவர்பூல் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். எங்கும் இரண்டு சீசனுக்குக் குறையாமல் இருந்தார். லிவர்பூல் கொடுத்த விலை 7.5 கோடி பவுண்டு. ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இந்தத் தேர்ச்சி வந்திருக்காது.

• யோசித்து நில்லுங்கள். 2019 மார்ச் 31, டாட்டன்ஹாமுக்கு எதிரான லிவர்பூல் ஆட்டம், 1–1. முடியச் சில நிமிடங்களே இருக்க, பந்தோடு டாட்டன்ஹாமின் சிசோகோ ஓடி வருகிறார், பக்கத்தில் சன். எதிரே வான் டைக் மட்டும். பந்தின் மேல் பாய்ந்திருந்தால் ஒரே பாஸில் கோல். அவர் பாயவில்லை. பின்வாங்கியபடியே சன்னுக்குப் போகும் பாஸின் வழியை உடம்பால் மறைத்தார். சிசோகோவுக்குப் பழக்கமில்லாத இடது காலால் உதைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. லிவர்பூல் 2–1 என்று வென்றது. இந்தக் காட்சியைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஸ்டாப்பர் பாடம் முழுக்க அதில் இருக்கிறது.

• வாய் திறந்து பேசுங்கள். பின்னால் நிற்பவருக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும்.

• தலையால் முட்டப் பழகுங்கள். 2024 லீக் கோப்பை இறுதியில் செல்சியை வீழ்த்தியது 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் அடித்த கோல்.

செய்யக்கூடாதவை

• எடுத்ததும் சறுக்கி விழுந்து காலை நீட்டாதீர்கள். விழுந்தவர் எழுவதற்குள் எதிராளி பாக்ஸுக்குள் போயிருப்பார்.

• நடுவரிடம் வார்த்தையை விடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நியூகாஸில் மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கிய கோபத்தில் வான் டைக்கே தடுமாறினார். கூடுதலாக ஓர் ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். அவரைப் போன்ற கேப்டன் ஆட முடியாமல் போனால் தண்டனை அணிக்கும் சேர்த்துத்தான்.

• விருதுக்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாம்பியன்ஸ் லீக் வென்ற 2019இல்கூட, சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருது வான் டைக்குக்குக் கிடைக்கவில்லை. அதை வென்ற மெஸ்ஸியைவிட 7 புள்ளிகள் குறைவு. கடைசியாக அதை வாங்கிய டிஃபெண்டர் 2006இல் இத்தாலியின் கன்னவாரோ.

• வயிற்று வலியோ முட்டி வலியோ, மறைக்காதீர்கள். 2012இல் குடல்வால் வெடித்து, உயிர் போகும் நிலைக்குப் போய்த் திரும்பியவர் வான் டைக். மருத்துவமனைப் படுக்கையில் உயில் போன்ற தாளில் கையெழுத்துப் போட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

• காயம் ஆறுமுன் திரும்பாதீர்கள். 2020 அக்டோபரில் எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு மோதியதில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த கோடையில் யூரோ கோப்பை. நெதர்லாந்தின் கேப்டன் அவர். ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த சீசனில் லிவர்பூலோடு இரண்டு கோப்பைகள், 2025இல் கேப்டனாகப் பிரீமியர் லீக் பட்டம். உள்ளூர்ப் போட்டியில் "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று கோச் கேட்டாலும், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பிள்ளையை இறக்கிவிடாதீர்கள்.